முத்திரை குத்தாத குழாய்

கோலாலம்பூருக்குப் பக்கத்தில், கிள்ளானில் எந்த லோரி எங்கே போய் முட்டினாலும் சரி, எந்தப் பள்ளத்தில் கவிழ்ந்தாலும் சரி, அதன் முதுகெலும்பு கடைசியில் வந்து சேருகிற இடம் கபிரியேல் பட்டறைதான். முதுகெலும்பு என்றால் சேசிஸ். எஞ்சின், டயர், ஓட்டுநர் உட்காருகிற பெட்டி எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்கிற இரும்பு. அது வளைந்துபோனால் பெரிய கம்பெனிக்காரன், "தூக்கிப் போடு, புதுசு வாங்கு" என்பான். கபிரியேல் நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னது கிடையாது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு பார்வை பார்ப்பார். எங்கே ஜாக்கி வைப்பது, எத்தனை அமுக்கு அமுக்குவது என்பதெல்லாம் அந்தப் பார்வையிலேயே முடிந்துவிடும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனுஷர். ஆனால் டேப்பும் கையுமாக வந்த இஞ்சினியர்கள் எத்தனையோ பேர் அவருடைய கண்ணிடம் தோற்றுப்போய்த் திரும்பியிருக்கிறார்கள்.

நிமிர்த்திய பிறகு இரண்டு வேலை பாக்கியிருக்கும். முதலில் அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி ஊறவைத்துத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் தூளைப் பூசுவார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருந்தால், அதில் புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளைத் தூளில் ஈரக்கோடாக விழும். கோடு இல்லையென்றால்தான் இரண்டாவது வேலை. சொல்லிச் செய்து வாங்கிய உருக்கு முத்திரையை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. 'க' என்ற தமிழ் எழுத்து இரும்பில் பதியும். அந்த எழுத்து இருக்கிற லோரியைப் பார்த்தால் பழைய லோரி வாங்க வந்தவன் பேரம் பேசமாட்டான். கபிரியேல் கையால் நிமிர்ந்த சாமானில் 'க' இல்லாமல் ஒன்றுகூட வெளியே போனதில்லை.

ஒன்றே ஒன்றைத் தவிர.

அறுபத்திரண்டாவது வயதில் அவருக்குப் பறக்கிற ஆசை வந்ததற்கு அவருடைய வாய்தான் காரணம். காப்பிக்கடையில் கூட்டாளி சபாபதி தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். மேலே முக்கோணத் துணிச் சிறகு, கீழே மூன்று சக்கர வண்டி, பின்னால் காற்றாடி. டிரைக் என்று பெயர். ஜெஞ்சாரோம் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒருவர் புல் ஓடுபாதை போட்டு இதைச் சொல்லிக் கொடுக்கிறாராம்.

"சக்கரம் இருக்கா?" என்று கேட்டார் கபிரியேல்.

"மூணு இருக்கு."

"அப்ப நான் ஓட்டிருவேன்லா. சக்கரம் வச்ச எதை நான் ஓட்டாம விட்டுருக்கேன்?"

"வாய்தாண்டா உனக்கு இறக்கை" என்றார் சபாபதி. கடை முழுக்கச் சிரித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கபிரியேல் ஜெஞ்சாரோமில் நின்றார்.

சொல்லிக் கொடுக்கிறவர் பெயர் ராஜன். ஆகாயப் படையில் விமானங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். வார நாள்களில் வேறு வேலைக்குப் போய்விடுவார். அவரிடம் பறக்கக்கூடிய நிலையில் இருந்தது ஒரே ஒரு டிரைக்தான். வந்த இரண்டாவது வாரமே கபிரியேல் கொட்டகைக்கு இரும்புக் கதவு அடித்துக் கொடுத்தார், சும்மா. ராஜன் அவரிடம் ஒரு சாவி கொடுத்து வைத்தார்.

ஆனால் அந்த மூன்று சக்கரம் லோரி மாதிரி இல்லை. எல்லாம் தலைகீழ். முன்னால் குறுக்கே ஒரு கம்பி. அதைத் தள்ளினால் மூக்கு மேலே போய் வேகம் குறையும், இழுத்தால் கீழே போய் வேகம் கூடும். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் கம்பியை இடப்பக்கம் கொண்டுபோக வேண்டும். தரையில் ஓடும்போதோ கையால் ஒன்றும் ஆகாது. கால்தான். அதுவும் வலப்பக்கம் போக இடது காலை அழுத்த வேண்டும். நிமிர்த்திய லோரிகளையெல்லாம் நாற்பது வருஷம் ஓட்டிப் பார்த்த உடம்பு இதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

"அண்ணே, யோசிக்காதீங்க. யோசிச்சா பழைய கபிரியேல் வந்துருவாரு" என்பார் ராஜன்.

"மாஸ்டர், பழைய கபிரியேல் நல்ல டிரைவர் மாஸ்டர்!"

"அதான் பிரச்சினையே."

இன்னொரு மாணவி ஷபானா. மேலப்பாளையத்துப் பெண். கோலாலம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பிரிக்ஃபீல்ட்சில் ஒரு வாடகை அறை. முப்பது வயதுகூட ஆகவில்லை. பாடப் புத்தகம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. கபிரியேலுக்கு அந்தப் பக்கங்களைப் பார்த்தாலே தலை சுற்றியது. அதைக் கவனித்துவிட்டு ஷபானாவேதான் சொன்னாள்: "சனிக்கிழமை சாயங்காலம் பிரிக்ஃபீல்ட்சுக்கு வாங்க அங்கிள். நான் படிச்சுச் சொல்றேன். நீங்க தேத்தண்ணி வாங்கிக் கொடுங்க, போதும்."

நாலு மாதம் அப்படி நடந்தது. அவளுடைய அறைக்குக் கீழே இருக்கிற தெருவோர ஒட்டுக்கடையில், மோனோரயில் சத்தத்துக்கு நடுவே, அவள் ஒரு வரி ஆங்கிலத்தில் வாசித்து அதைத் தமிழில் உடைத்துச் சொல்லுவாள். கிள்ளானில் எத்தனையோ பேருக்கு வேலை கற்றுக் கொடுத்த மனுஷர், பிள்ளை வயசுப் பெண் எதிரே கைகட்டி உட்கார்ந்து காற்றைப் பற்றியும் எடையைப் பற்றியும் கேட்டுக்கொண்டார். ஒரு நாள் அவள் ஒரு வரியை வாசித்துவிட்டுச் சொன்னாள்:

"இது முக்கியம் அங்கிள். இந்த அலுமினியக் குழாய் எதாச்சும் வளைஞ்சா, நிமிர்த்தக் கூடாதாம். கண்ணுக்கு நல்லா இருந்தாலும் உள்ள பலம் போயிருக்குமாம். கழற்றிப் போட்டுட்டுப் புதுசுதான் மாட்டணுமாம்."

கபிரியேல் வாய்விட்டுச் சிரித்தார். "எழுதினவன் கிள்ளானுக்கு வந்ததில்லம்மா. வந்திருந்தா அந்த வரியை அடிச்சிருப்பான்."

அவளும் சிரித்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

அந்தச் சிரிப்பு பிற்பாடு அவரைத் தூங்கவிடவில்லை.

மாதக் கடைசியில் ஷபானாவின் விசா முடிகிறது, ஊருக்குத் திரும்புகிறாள். போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை தனியாகப் பறந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. பக்கத்தில் மாஸ்டர் இல்லாமல், முதல் தடவையாகத் தனியாக. ராஜன் நாளும் குறித்துவிட்டார். கடைசி சனிக்கிழமை காலை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் கபிரியேலுக்கு அந்தக் கெட்ட நேரம் வந்தது.

அன்று காற்று அதிகம். பறக்க வேண்டாம், தரையிலேயே ஓட்டிப் பழகுங்கள் என்று சொல்லிவிட்டு, பெட்ரோல் கொண்டு வந்தவனைப் பார்க்க ராஜன் மோட்டார் சைக்கிளில் வாசல் பக்கம் போனார். கபிரியேல் தனியாகப் பாதையில் போனார், திரும்பினார், மறுபடி போனார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் வேகம் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. கொடுத்தார். இடப்பக்கச் செம்பனை ஓரத்திலிருந்து ஒரு பியாவாக் வெளியே வந்தது. ஆள் நீளம் இருக்கும் அந்த உடும்பு, நாக்கை நீட்டிக்கொண்டு, மந்திரி நடக்கிற மாதிரி நிதானமாக நடந்தது. வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். கபிரியேலின் வலது கால் அழுத்திவிட்டது. பழைய கபிரியேல் வந்துவிட்டார். வண்டி இடப்பக்கம் பாய்ந்தது. இடது பின்சக்கரம் பாதையோரக் கால்வாய் விளிம்பில் இறங்கி, 'டங்' என்று மோதி, மேலே ஏறியது. பியாவாக் கால்வாய்த் தண்ணீரில் குதித்துப் போய்விட்டது.

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் பார்த்தார். சிறகுக்கு ஒன்றுமில்லை. சக்கரத்துக்கு ஒன்றுமில்லை. இடது பின்சக்கரத்தை வண்டியோடு இழுத்துப் பிடிக்கிற அலுமினியக் குழாய் மட்டும் நடுவில் ஒரு விரல் அளவுக்கு வளைந்திருந்தது.

ராஜன் திரும்பி வந்தபோது டிரைக் கொட்டகைக்குள் இருந்தது, இடப்பக்கம் சுவரை ஒட்டி.

"எப்படிண்ணே போச்சு?"

"ஓகேலா மாஸ்டர். எல்லாம் ஓகே."

சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் வெளிநாட்டிலிருந்து புதுக் குழாய் வர மூன்று வாரமாகும். ஷபானாவின் சனிக்கிழமை போச்சு. அந்தப் பெண்ணுக்காகத்தான் வாயை மூடிக்கொள்கிறோம் என்று கபிரியேல் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அவர் மனசுக்கே தெரியும், அது பாதிப் பொய். பியாவாக்கைப் பார்த்துப் பயந்து காலை மாற்றி வைத்த கதை காப்பிக்கடைக்குப் போனால் சபாபதி சும்மா இருப்பாரா? மீதிப் பாதி அதுதான்.

திங்கட்கிழமை காலையில் சாவியைப் போட்டுக் கொட்டகையைத் திறந்து, வண்டிக்கு முட்டுக் கொடுத்து, இரண்டு போல்ட்டைக் கழற்றிக் குழாயைக் கிள்ளானுக்குக் கொண்டுவந்தார். பட்டறை மேஸ்திரி கலியமூர்த்தி, பட்டுக்கோட்டைக்காரர், வேலை பெர்மிட்டில் வந்து பத்து வருஷம் ஆகிறது, அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன மொதலாளி, பஞ்சு மாதிரி இருக்கு? சைக்கிள் சாமானுங்களா?"

"ஆமாலா, சைக்கிள்தான்."

சின்ன ஜாக்கி, இரண்டு பக்கம் மரக்கட்டை, நடுவில் தோல். பதினைந்து நிமிஷம். கபிரியேல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மயிரிழை கோணல் இல்லை. வாழ்க்கையில் அவர் செய்த மிகச் சுத்தமான வேலைகளில் அது ஒன்று. ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது.

கலியமூர்த்தி வழக்கப்படி மண்ணெண்ணெய் டப்பாவையும் சாக்பீஸ் தூளையும் கொண்டு வந்து வைத்தார்.

"வேணாம். எடுத்துட்டுப் போ."

"பாக்க வேணாமுங்களா?"

"லேசான சாமான்லா. எதுக்கு?"

அவர் முகத்தைக் கலியமூர்த்தி ஒரு மாதிரி பார்த்தார். பிறகு முத்திரையை நீட்டினார். "அப்ப 'க' மட்டும் குத்திருங்க."

"இது நம்ம சாமான் இல்ல கலியமூர்த்தி."

"நம்ம பட்டறைக்கு வர்ற எந்தச் சாமான் மொதலாளி நம்ம சாமான்?"

குழாயை ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு கபிரியேல் புறப்பட்டுவிட்டார். மத்தியானத்துக்குள் அது பழையபடி டிரைக்கில் ஏறிவிட்டது.

அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. கடைத்தெருவில் 'க' முத்திரை குத்திய லோரிகள் எதிரே வரும்போது பெருமையோடு பார்க்கிறவர், இப்போது பார்வையைத் திருப்பிக்கொண்டார். புதன்கிழமை ஷபானா வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டாள். தமிழில்தான் போடுவாள், அவருக்காக. "அங்கிள், சனிக்கிழமை நீங்க வந்தே ஆகணும். உம்மா வீடியோ கால்ல பாக்கப் போறாங்க." எழுத்துக் கூட்டி எழுத அவருக்கு நேரமாகும். எந்தச் செய்திக்கும் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிடுவதுதான் வழக்கம். இதற்கும் தட்டினார்.

மனைவி உர்சுலாவுக்கு அவருடைய முகம் தெரியாதா? "என்னங்க ஒடம்புக்கு? மூணு நாளா தட்டுல கோலம் போடுறீங்க."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாங்க. பாவசங்கீர்த்தனம் பண்ணி எத்தனை மாசமாச்சு? ஞாயித்துக்கிழமை பூசையை விட்டுட்டு ஆகாயத்துல சுத்துனா இப்படித்தான்."

போனார். முழங்காலில் நின்றபோது எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்றுதான் இருந்தார்.

"ஃபாதர், ஒரு சாமானைப் பழுதாக்கிட்டேன். அடுத்தவங்க சாமான்."

"திருப்பிச் சரி பண்ணிக் குடுத்தீங்களா?"

"குடுத்துட்டேன் ஃபாதர். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு சுத்தமா பண்ணிருக்கேன்."

மறைப்புக்கு அந்தப் பக்கம் ஃபாதர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "சரி பண்ணிட்டீங்கன்னா அப்புறம் என்னய்யா? மூணு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லுங்க."

பாதிக் குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். மறைத்த குற்றம் உள்ளேயே இருந்தது. பாவம் சொல்லப் போன இடத்தில்கூட வேலைப் பெருமை முந்திக்கொண்டு பேசிவிட்டதே என்று நினைத்தபடி காரை எடுத்தார். காலையில் மாஸ்டரிடம் முதல் வேலையாகச் சொல்லிவிடுவது. அதில் மாற்றமில்லை.

சனிக்கிழமை ஏழரை மணிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது ஷபானா அவருக்கு முன்னாலேயே வந்திருந்தாள். ஒரு டப்பா நிறைய அல்வா. தொலைபேசியில் அவளுடைய உம்மா.

"உம்மா, இவங்கதான் கபிரியேல் அங்கிள். நான் படிச்சுக் கொடுத்தேன்னு சொன்னேன்ல?"

திரையில் முக்காடு போட்ட ஓர் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "எம்புள்ளைய பத்திரமா பாத்துக்கிடுங்க அண்ணே. எனக்குக் கைகாலெல்லாம் ஒதறுது."

"நாங்க இருக்கோம்மா" என்றார் கபிரியேல். நாக்கு தானாகப் பேசியது. மாஸ்டரிடம் சொல்ல வந்ததை அதற்குப் பிறகு சொல்ல முடியவில்லை.

ராஜன் டிரைக்கைச் சுற்றி வந்து ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தார். இடது குழாயில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். ஆகாயப் படையில் இருபத்திரண்டு வருஷம் பழகிய விரல் அது. நின்றுவிடாதா, ஒரே ஒரு தடவை தடுக்கிவிடாதா என்று கபிரியேல் பார்த்துக்கொண்டே இருந்தார். விரல் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. தன் கைத்திறமையை அவர் சபித்தது வாழ்க்கையிலேயே அப்போதுதான்.

முதலில் ராஜனும் ஷபானாவும் இரண்டு பேராக ஏறினார்கள். இரண்டு சுற்று, இரண்டு இறக்கம். இரண்டு பேர் எடையையே தாங்கிவிட்டது, ஒரு பிள்ளை எடையைத் தாங்காதா என்று கபிரியேலின் மனசு உடனே வழக்குப் பேச ஆரம்பித்தது. ராஜன் இறங்கினார். பெல்ட்டைச் சரிபார்த்தார். "ஒரு சுற்று. நான் சொன்னதை மட்டும் செய். பயப்படாதே" என்று அவளிடம் சொல்லிவிட்டு, வாக்கி-டாக்கியோடு பாதை ஓரத்துக்கு வந்தார்.

"அண்ணே, நீங்க அந்தக் கொடிக்கம்பத்துக்கிட்ட நில்லுங்க. பாதையில மாடு, நாய், பியாவாக் ஒண்ணும் இல்லன்னா அவளுக்குக் கட்டைவிரலைக் காட்டுங்க. அதைப் பாத்துட்டுத்தான் கிளம்புவா."

கபிரியேல் போய் நின்றார். டிரைக் பாதையில் திரும்பி அவருக்கு நேராக வந்து நின்றது. நாற்பது வருஷமாக எத்தனையோ சேசிஸ்களைப் பார்த்த கண், வேண்டாம் என்றாலும் பார்த்துவிட்டது. இடது சக்கரம் வெளியே சாய்ந்திருந்தது. மயிரிழைதான். ராஜனுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியாது, டேப் வைத்து அளந்தாலும் தெரியாது. கபிரியேலுக்குத் தெரிந்தது. அவர் கண் பொய் சொல்லாது.

ஹெல்மெட்டுக்குள் ஷபானா சிரித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

கபிரியேலின் கட்டைவிரல் மேலே போனது.

எஞ்சின் உறுமியது. புல் படுத்தது. டிரைக் அவரைக் கடந்து ஓடி, மூக்கைத் தூக்கி, செம்பனை மரங்களுக்கு மேலே ஏறியது. உயர்ந்திருந்த தன் விரலைக் கபிரியேல் பார்த்தார். அடுத்த நொடி ஓட ஆரம்பித்தார். தொண்ணூற்று நாலு கிலோ உடம்பு, செருப்பு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"மாஸ்டர்! இடது குழாய்... நான் வளைச்சிட்டேன்... நான் நிமிர்த்தி மாட்டிட்டேன்... மாஸ்டர்!"

ராஜன் திரும்பினார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகத்தில் ரத்தம் இல்லை.

"எப்ப?"

"போன ஞாயித்துக்கிழமை. கால்வாய்ல எறங்கிருச்சு. சக்கரம் இப்ப சாஞ்சிருக்கு. கிளம்புறப்பவே பாத்தேன்."

"பாத்துட்டா கட்டைவிரல் காட்டுனீங்க?"

கபிரியேல் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ராஜன் இடது கையால் அவருடைய சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். வலது கையில் வாக்கி-டாக்கி. அடிக்கப் போகிறார் என்றுதான் கபிரியேல் நினைத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராஜன் வாக்கி-டாக்கியில் பேசியபோது, கோயில் பிரசாதம் கொடுக்கிறவர் குரல் மாதிரி அத்தனை சாந்தமாக இருந்தது.

"அழகா போறம்மா. அந்த உயரம் போதும். இப்ப திரும்பு. அப்படித்தான். இறங்குறப்ப இன்னைக்கு ஒரு சின்ன மாற்றம். பாதைக்கு நடுவுல வேணாம், வலப்பக்கம் புல்லு அடர்த்தியா இருக்குல்ல, அங்க இறங்கு. அவசரமே இல்ல. நான் சொல்லிக்கிட்டே இருப்பேன்."

"ஓகே சார்!" வாக்கி-டாக்கியில் அவள் குரல் குதித்தது. "சார், இங்கேருந்து கடல் தெரியுது சார்!"

"பாரும்மா. நல்லா பாரு."

சட்டையைப் பிடித்திருந்த கை இறுகிக்கொண்டே போனது. குரலில் ஒரு நடுக்கம் இல்லை. கபிரியேல் அப்படியே நின்றார். ஜெபம் சொல்லப் பார்த்தார். நேற்றுச் சொன்ன மூன்று அருள் நிறைந்த மரியேயும் நினைவுக்கு வந்து வாயை அடைத்தன.

டிரைக் பாதைக்கு நேராக வந்தது. தாழ்ந்தது.

"வேகத்தை விடாதே... வா... வா... இப்ப கம்பியை மெதுவா தள்ளு. இன்னும் கொஞ்சம். பொறு. புல்லு தானா வந்து தொடும், நீ தேடிப் போகாதே."

வலது சக்கரம் புல்லைத் தொட்டது. பிறகு இடது. இடப்பக்கம் ஒரு குலுங்கு குலுங்கி அமுங்கியது. சிறகு ஒரு பக்கம் சாய்ந்தது. கபிரியேல் கண்ணை மூடிவிட்டார். திறந்தபோது டிரைக் புல்லுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது, மூன்று சக்கரத்திலும். காற்றாடி சுற்றி ஓய்ந்தது.

குழாய் தாங்கிவிட்டது.

முதல் தடவை தனியாகப் பறந்து இறங்குகிறவர் தலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது அங்கே வழக்கம். காலையிலேயே கபிரியேல்தான் வாளியை நிரப்பி வைத்திருந்தார். ஷபானா ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பையிலிருந்த தொலைபேசியை எடுத்து உம்மாவை மறுபடி கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்தாள்.

"அங்கிள்! ஊத்துங்க அங்கிள்! உம்மா பாக்குறாங்க!"

ராஜன் சட்டையை விட்டார். "ஊத்துறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லுங்கண்ணே. நான் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சொன்னார். அவளிடமிருந்து தொலைபேசியை வாங்கி, "அம்மா, பிள்ளை நல்லா எறங்கிட்டா. ரெண்டு நிமிஷத்துல கூப்பிடுவா" என்று சொல்லி அணைத்தார்.

கபிரியேல் சொன்னார். பியாவாக்கில் ஆரம்பித்துக் கட்டைவிரல் வரைக்கும், ஒன்றும் விடாமல். அவளுடைய முகத்திலிருந்த சந்தோஷம் மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தன்னால் நடந்தவற்றிலேயே அவர் பார்த்த மிகக் கொடுமையான காட்சி அதுதான்.

அவள் டிரைக்குக்குப் போய்க் குனிந்து அந்தக் குழாயைத் தொட்டாள்.

"இதுவா?"

"அதாம்மா."

"இந்தப் பக்கத்தை நாந்தானே படிச்சுச் சொன்னேன்."

"ஆமாம்மா."

"நீங்க சிரிச்சீங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன்."

அவள் அழவில்லை, திட்டவில்லை. வாளியைப் பார்த்தாள். "தண்ணி வேணாம் அங்கிள்" என்றாள். தொலைபேசியை வாங்கிக்கொண்டு தள்ளிப்போய் உம்மாவைக் கூப்பிட்டாள். "ஒண்ணுமில்ல உம்மா, சூப்பரா இருந்துச்சு, கடலெல்லாம் பாத்தேன்" என்று அவள் சத்தமாகச் சொன்னது காற்றில் வந்தது. அல்வா டப்பா திறக்கப்படாமலே இருந்தது.

ராஜன் ஸ்பேனரை எடுத்து இரண்டு போல்ட்டையும் கழற்றிக் குழாயை உருவினார்.

"மாஸ்டர், விரிசல் இருக்கான்னு..."

"இருந்தா என்ன, இல்லன்னா என்ன?" ராஜன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கையில் கொடுத்தார். "சாவியைக் குடுத்துட்டுப் போங்கண்ணே. புதுசு வந்ததும் கூப்பிடுறேன். வந்து பக்கத்துல நின்னு நான் மாட்டுறதைப் பாருங்க. அதுக்கப்புறம் மொதல் பாடத்துலேருந்து. வர்றதும் வராததும் ஒங்க இஷ்டம்."

கிள்ளானுக்கு வந்து சேர்ந்தபோது பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். கபிரியேல் கைகூடக் கழுவாமல், "கலியமூர்த்தி, மண்ணெண்ணெயை எடுத்துட்டு வாங்க" என்றார். அன்றைக்கு ஏன் 'வாங்க' என்று சொன்னார் என்று அவருக்கே தெரியாது. தடவினார். ஊறவைத்தார். துடைத்தார். சாக்பீஸ் தூளைப் பூசிவிட்டு இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

வளைந்து நிமிர்ந்த இடத்தில், பாதிக் குழாயைச் சுற்றி, தலைமயிர் போல ஓர் ஈரக்கோடு மெல்ல எழும்பி வந்தது.

"மொதலாளி..." என்றார் கலியமூர்த்தி.

"முத்திரையை எடுங்க."

"கோடு விழுந்த சாமான்ல குத்தமாட்டீங்களே?"

"இது என் வேலைதான். எடுங்க."

கோட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஒரே அடி. மெல்லிய அலுமினியம் கொஞ்சம் உள்வாங்கிக்கொண்டு 'க' ஆழமாகப் பதிந்தது. அந்தக் குழாயைப் பட்டறை வாசலில், லோரி முதலாளிகள் உட்காருகிற நாற்காலிக்கு நேர் எதிரே கம்பி கட்டித் தொங்கவிட்டார்.

வருகிறவன் எல்லாம் கேட்டான். முதலில் கேட்டது சபாபதிதான். "என்னடா இது, வாசல்ல புல்லாங்குழல் தொங்குது?" கபிரியேல் பியாவாக்கிலிருந்து ஆரம்பித்தார். மந்திரி நடை என்று சொன்னபோது சபாபதி தொடையைத் தட்டிச் சிரித்தார். கட்டைவிரல் வந்தபோது சிரிப்பு நின்றது.

ஐந்து வாரம் கழித்து மேலப்பாளையத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அவள் போனதற்குப் பிறகு வந்த முதல் செய்தி. "புதுக் குழாய் வந்துடுச்சா அங்கிள்?"

கபிரியேல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வழக்கம்போல விரல் அந்தக் கட்டைவிரல் படத்துக்குப் போனது. பாதியிலேயே நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து என்று தேடித் தேடித் தட்டினார். கலியமூர்த்தி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"வந்துருச்சுமா. மாஸ்டர் மாட்னாரு. நா மாட்டல. பக்கத்துல நின்னேன்."

எழுத்துப் பிழை எத்தனை இருந்ததோ. அனுப்பிவிட்டுத் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, வாசலில் தொங்குகிற குழாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.